25 வோல்ட் எங்கே தவறுகிறது? வீட்டில் கட்டிய ஈப்ராம் புரோகிராமரின் பழுதுகள்

எழுதி, அழித்து, மீண்டும் எழுதக்கூடிய நினைவகச் சிப்பான ஈப்ராம் பிறந்ததே ஒரு பழுதாய்வில்தான். 1970-ஐ ஒட்டி இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய டோவ் ஃப்ரோமன் கோளாறான சில சிப்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். உள்ளே சில டிரான்சிஸ்டர்களின் கேட் இணைப்புகள் அறுந்திருந்தன. அறுந்த கேட்டில் சிக்கிய மின்னேற்றம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. அதனால் அந்த டிரான்சிஸ்டர் எந்த மின்னழுத்தத்தில் திறக்கும் என்பதே மாறியிருந்தது. குறையாகத் தெரிந்த இந்த நடத்தையில் ஃப்ரோமன் தகவலைச் சேமிக்க ஒரு வழியைக் கண்டார். 1971-ல் 2048 பிட் கொள்ளளவுடன் 1702 என்ற சிப் வந்தது. அதில் எழுத 40 வோல்ட்டுக்கும் மேற்பட்ட துடிப்புகள் வேண்டியிருந்தன. எழுதியதை அழிக்க, மேலே இருந்த குவார்ட்ஸ் சாளரத்தின் வழியே புற ஊதா ஒளியைப் பாய்ச்ச வேண்டும்.

அன்றிலிருந்து இன்றுவரை ஈப்ராமின் அடிப்படைத் தேவை ஒன்றுதான். எதனோடும் இணையாமல் மிதக்கும் கேட்டைச் சுற்றியுள்ள ஆக்சைடு படலத்தைத் தாண்டும் வேகம் எலெக்ட்ரான்களுக்குக் கிடைக்க வேண்டும். அந்த வேகத்துக்கு 5 வோல்ட் போதாது. 25, 21, 12.5 என ஓர் உயர் மின்னழுத்தத்தைச் சரியான நேரத்தில் ஒரு காலுக்குக் கொடுத்து, சரியான நேரத்தில் விலக்க வேண்டும். விபிபி என்று தரவுத்தாளில் குறிக்கப்படும் அந்த மின்னழுத்தத்தைத் திறந்து மூட இரண்டு டிரான்சிஸ்டர்களும் நான்கைந்து மின்தடைகளும் போதும். இவ்வளவு சிறிய சுற்றில் இவ்வளவு பழுதுகள் நேர்வது வியப்பாகத் தோன்றும். ஆனால் வீட்டில் கட்டிய புரோகிராமர் வேலை செய்யாதபோது பழி பெரும்பாலும் பழைய சிப்பின் மேலோ மென்பொருளின் மேலோ விழுகிறது. குற்றம் இருப்பதோ அநேகமாக இந்த இரண்டு டிரான்சிஸ்டர்களைச் சுற்றித்தான். இந்தக் கட்டுரை முன்வைக்கும் வாதம் அதுதான். சிப்பை சாக்கெட்டில் வைப்பதற்கு முன்பே, சிப் இல்லாமலே, இந்தப் பழுதுகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அதன் மறுபாதி.

இந்தக் காலத்தில் யாருக்கு இது தேவை என்று கேட்கலாம். பழைய கணினிகளையும் விளையாட்டு எந்திரங்களையும் அளவைக் கருவிகளையும் மீட்டெடுப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நம் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளின் ஆய்வகங்களில் பல தலைமுறை மாணவர்கள் பயன்படுத்திய 8085 பயிற்சிப் பலகைகளின் கண்காணிப்பு நிரல் இருப்பதும் ஈப்ராமில்தான். மலிவாகக் கிடைக்கும் யூஎஸ்பி புரோகிராமர்கள் பலவற்றால் 25 வோல்ட் தர முடியாது. ஆகவே 2716, 2732 ஆகிய சிப்புகளில் எழுத வேண்டியவர் சாலடரிங் அயர்னைக் கையில் எடுத்தே ஆகவேண்டும்.

முதலில் சிப் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். பழுதுகளில் கணிசமானவை சுற்றைக் கட்டும் முன்பே, தரவுத்தாளைப் படிக்கும்போதே தொடங்கிவிடுகின்றன. 2708-க்கு மூன்று மின்வழங்கல்கள் தேவை: 5, 12, மற்றும் எதிர்மறை 5. எதிர்மறை 5 முதலில் வந்து கடைசியில் போகவேண்டும், இல்லாவிட்டால் சிப் சேதமடையும். அதன் எழுதும் முறையும் விசித்திரமானது. ஒவ்வோர் இடத்துக்கும் மொத்தம் 100 மில்லிவிநாடி சேரும்வரை எல்லா முகவரிகளையும் சிறு துடிப்புகளால் திரும்பத் திரும்பச் சுற்றிவர வேண்டும். இன்டெலின் 2716 வந்தபோது இந்தத் தொல்லைகள் தீர்ந்தன. படிக்க ஒரே 5 வோல்ட், எழுத 21-ஆம் காலில் 25 வோல்ட், ஒரு பைட்டுக்கு 50 மில்லிவிநாடி கொண்ட ஒரே துடிப்பு. 2048 பைட்டுகளுக்கும் சேர்த்து நூறு விநாடிகளுக்குச் சற்று மேல் ஆகும்.

அதே 2716 என்ற எண்ணில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட டிஎம்எஸ்2716 மூன்று மின்வழங்கல்கள் கேட்கும் வேறு வகைச் சிப். இன்டெல் 2716-க்கு இணையாக அந்நிறுவனம் தந்தது டிஎம்எஸ்2516. எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் தங்கள் சுற்றில் பழுது தேடி அலைந்திருப்பார்கள். சுற்றில் பழுதே இருந்திருக்காது. 2732-க்கு விபிபி 25 வோல்ட், 2732ஏ-க்கு 21. 2764-க்கு 21, 2764ஏ-க்கு 12.5. கடைசியில் ஒட்டியிருக்கும் ஓர் எழுத்துதான் சிப் பிழைப்பதையும் சாவதையும் முடிவு செய்கிறது. 25 வோல்ட் சிப்பின் தாங்கும் எல்லை 26-ஐ ஒட்டியே இருப்பதால், ஒரு வோல்ட் பிசகினாலும் ஆபத்துதான்.

இப்போது சுற்றுக்கு வருவோம். 5 வோல்ட்டில் இயங்கும் மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு காலால் 25 வோல்ட்டைத் திறந்து மூட வேண்டும். புதிதாகக் கட்டுபவர் கைக்கு எளிதில் வரும் மூன்று தீர்வுகளும் தவறானவை. ஒவ்வொன்றும் தனக்கே உரிய அறிகுறியைக் காட்டும்.

முதலாவது, என்பிஎன் டிரான்சிஸ்டரின் கலெக்டரை 25 வோல்ட்டுடனும் எமிட்டரைச் சிப்புடனும் இணைத்து, பேஸுக்கு 5 வோல்ட் தருவது. எமிட்டர் எப்போதும் பேஸை விட 0.7 வோல்ட் கீழேதான் நிற்கும். மேலே எத்தனை வோல்ட் இருந்தாலும் சிப்புக்கு 4.3 வோல்ட்தான் போகும். எழுதிய பிறகு எல்லா இடமும் எஃப்எஃப் என்றே படிக்கும், அதாவது எழுதாத வெற்றுச் சிப்பின் நிலையிலேயே இருக்கும்.

இரண்டாவது, பிஎன்பி டிரான்சிஸ்டரின் எமிட்டரை 25 வோல்ட்டில் வைத்து, அதன் பேஸை ஒரு மின்தடை வழியாக மைக்ரோகன்ட்ரோலர் காலில் நேரடியாக இணைப்பது. பிஎன்பி அணைய வேண்டுமானால் பேஸும் ஏறக்குறைய 25 வோல்ட்டுக்கு உயர வேண்டும். மைக்ரோகன்ட்ரோலரால் 5-க்கு மேல் ஏற முடியாது. 5-ம் 0-வும் பிஎன்பியின் கண்ணுக்கு ஒன்றே. இரண்டிலும் அது திறந்தே கிடக்கும். அதோடு நிற்பதில்லை. 25 வோல்ட்டிலிருந்து பேஸ் வழியாக மைக்ரோகன்ட்ரோலரின் காலுக்குள் மின்னோட்டம் பின்னோக்கி நுழைந்து, உள்ளிருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக 5 வோல்ட் தடத்தையே மேலே தள்ளப் பார்க்கும். மைக்ரோகன்ட்ரோலர் காரணமில்லாமல் சூடாகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது தீர்வு எல்லாவற்றையும் விட ஏமாற்றக்கூடியது. 25 வோல்ட்டிலிருந்து ஒரு 10 கிலோ ஓம் மின்தடையைச் சிப்பின் விபிபி காலுக்கு இழுத்து, அந்தக் காலை ஒரு என்பிஎன் அல்லது திறந்த கலெக்டர் கொண்ட 7406 தரைக்கு இழுக்கும்படி அமைப்பது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். திறந்தால் 25, மூடினால் 0. மல்டிமீட்டர் ஏறக்குறைய மின்னோட்டமே எடுப்பதில்லை. அதனால்தான் இந்தத் தோற்றம். எழுதும் துடிப்பின்போது 2716 விபிபி காலில் 30 மில்லிஆம்பியர் வரை கேட்கலாம். 10 கிலோ ஓம் வழியாக 2.5 மில்லிஆம்பியருக்கு மேல் ஒருபோதும் வராது. சிப் கேட்டவுடன் மின்னழுத்தம் சரிந்துவிடும். மின்தடையை 1 கிலோ ஓமாகக் குறைத்தாலும் 30 மில்லிஆம்பியரில் அதன் குறுக்கே 30 வோல்ட் விழவேண்டும், இருப்பதோ 25. அதாவது, இந்த முறையால் சிப்புக்கு உணவூட்டவே முடியாது.

சரியான அமைப்பு இவற்றின் சேர்க்கைதான். பிஎன்பி மேலே 25 வோல்ட்டைத் திறந்து மூடும். அதன் பேஸைக் கீழே ஒரு என்பிஎன் இழுக்கும். மைக்ரோகன்ட்ரோலர் என்பிஎன்னோடு மட்டும் பேசும். 30 மில்லிஆம்பியர் சுமைக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 மில்லிஆம்பியர், பிஎன்பியின் பேஸுக்குக் கொடுத்தால் அது நன்றாகத் திறக்கும். 25 வோல்ட்டில் அதற்கு 8.2 கிலோ ஓம் போதும். என்பிஎன்னின் பேஸுக்கு 4.7 கிலோ ஓம். பிஎன்பியின் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 10 கிலோ ஓம் ஒன்று அவசியம் வேண்டும். அது இல்லாவிட்டால் என்பிஎன் அணைந்த பிறகும் பிஎன்பியின் பேஸில் தங்கிய மின்னேற்றம் வெளியேற வழியின்றி, டிரான்சிஸ்டர் சோம்பலாக அணையும்; சூடானால் கசிவோட்டமே அதைப் பாதி திறந்து வைத்திருக்கும். வரைபடத்தில் தேவையற்றதுபோல் தோன்றுவதால் பலர் விட்டுவிடும் மின்தடை இது.

இன்னொரு புகழ்பெற்ற வழியும் உண்டு: எல்எம்317 என்ற சீராக்கியின் சரிசெய்யும் கால் பக்கத்தில் உள்ள மின்தடையை ஒரு என்பிஎன்னால் குறுக்கிணைத்து, வெளியீட்டை 25-க்கும் 5-க்கும் இடையே மாற்றுவது. பாகங்கள் குறைவு, மின்னழுத்தம் துல்லியம். ஆனாலும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதில் என்பிஎன் அணைந்திருக்கும்போதுதான் 25 வோல்ட் வரும். மைக்ரோகன்ட்ரோலர் உயிர்பெறும் அந்தச் சிறு இடைவெளியில் அதன் கால்கள் எதையும் ஓட்டாமல் மிதக்கும்; என்பிஎன் அணைந்தே இருக்கும். கம்பி ஒன்று கழன்றாலும் அதே நிலைதான். எந்தப் பழுது வந்தாலும் சிப்பில் 25 வோல்ட் ஏறும் சுற்று அது. பிஎன்பி அமைப்பில் நேர்மாறு. கீழேயுள்ள என்பிஎன்னின் பேஸிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம் ஒன்றைச் சேர்த்துவிட்டால், கட்டளை வராதவரை உயர் மின்னழுத்தம் வராது. பழுதே வராத சுற்று என்று எதுவும் இல்லை என்பதால், பழுதுபட்டாலும் சிப்பைக் காப்பாற்றும் சுற்றையே நான் தேர்வேன்.

இந்த இடத்தில் டிரான்சிஸ்டரின் கால்வரிசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எளிதில் கிடைக்கும் பிசி547-ஐத் தட்டையான முகம் நம்மை நோக்கி இருக்கப் பிடித்தால், இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். அமெரிக்க வரைபடங்களில் வரும் 2என்3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். பிஎன்2222-ம் பி2என்2222-ம் பெயரில் ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றின் வரிசை மற்றொன்றுக்குத் தலைகீழ். நடுக்கால் எல்லாவற்றிலும் பேஸாகவே இருப்பதால், மாற்றி வைத்தாலும் மல்டிமீட்டரின் டயோடு சோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும்.

தலைகீழாக வைத்த டிரான்சிஸ்டர் செத்துப்போவதில்லை. பெருக்கம் மிகவும் குறைந்து, 5 வோல்ட் சுற்றில் ஓரளவு வேலையும் செய்யும். ஆனால் பேஸ்–எமிட்டர் சந்தி எதிர்த்திசையில் சுமார் 7 வோல்ட்டிலேயே உடைந்து கடத்தத் தொடங்கும். மேலே சொன்ன சுற்றில் கீழ் என்பிஎன்னைத் தலைகீழாக வைத்தால் என்ன நடக்கும்? அணைந்த நிலையில் அதன் எமிட்டர் கால் 25 வோல்ட்டை நோக்கி உயரப் பார்க்கும். 7 வோல்ட்டில் சந்தி உடையும். மின்னோட்டம் 8.2 கிலோ ஓம் வழியாகப் பேஸுக்குள் இறங்கி, அங்கிருந்து பெரும்பாலும் பேஸ்–கலெக்டர் சந்தி வழியாகத் தரைக்குப் போகும். ஏறக்குறைய இரண்டு மில்லிஆம்பியர்தான், ஆனால் பிஎன்பியைத் திறந்து வைக்க அது தாராளம். அறிகுறி: எந்தக் கட்டளைக்கும் அணையாத 25 வோல்ட். நிரலை எத்தனை முறை திருத்தினாலும் இது தீராது. அணையாத விபிபியைக் கண்டால் முதலில் என்பிஎன்னைக் கழற்றுங்கள். அணைந்துவிட்டால் குற்றம் அதில் அல்லது அதற்குக் கீழே, அணையாவிட்டால் பிஎன்பியில்.

தாங்கும் மின்னழுத்தமும் இங்கே முக்கியம். பிசி547-ன் எல்லை 45 வோல்ட், பிசி548-க்கு 30 மட்டுமே. பழைய 2என்2222-க்கு 30, ஏ சேர்ந்தால் 40. 25 வோல்ட்டுக்கு 30 போதும்தானே என்று தோன்றும். மின்மாற்றியிலிருந்து வரும் சீராக்காத வழங்கலைக் கணக்கில் கொள்ளும்போது அந்த நிம்மதி போய்விடும்: 24 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்சம் 34 வோல்ட்.

ஆகவே சோதனையை எங்கிருந்து தொடங்குவது? சாக்கெட் காலியாக இருக்கட்டும். விபிபி காலுக்கும் தரைக்கும் இடையே 820 ஓம், 1 வாட் மின்தடை ஒன்றை வையுங்கள். 25 வோல்ட்டில் அது 30 மில்லிஆம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும். சிப் எடுக்கக்கூடிய உச்சமும் அதுவே. துடிப்பைக் கொடுக்காமல் விபிபியை நிலையாகத் திறந்து வைக்கும்படி ஒரு சிறு நிரல் எழுதி, இப்போது மல்டிமீட்டரை வையுங்கள். 50 மில்லிவிநாடித் துடிப்பை மல்டிமீட்டரால் சரியாகக் காட்ட முடியாது. எண்கள் ஓடி ஏதோ ஒரு சராசரியில் நிற்கும். நிலையான மின்னழுத்தத்தில் ஒளிய இடமில்லை. சுமை இல்லாதபோது 25, சுமையோடு 24.8 என்றால் நல்லது. சுமையோடு 19 என்றால் படிப்படியாகப் பின்னோக்கிப் போங்கள்: பிஎன்பியின் கலெக்டர், எமிட்டர், சீராக்கியின் வெளியீடு, அதன் உள்ளீடு. எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே வோல்ட் விழுகிறதோ அங்கேதான் குற்றவாளி. எமிட்டருக்கும் கலெக்டருக்கும் இடையே ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் பேஸுக்குப் போதிய மின்னோட்டம் போகவில்லை. உள்ளீடே சரிந்தால் வழங்கல் போதாது.

மூன்று 9 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைப்பது பழைய குறுக்குவழி. சுமையின்றி 27-ஐத் தாண்டி 2716-ன் எல்லையை மீறும். தேய்ந்த பிறகு சுமையில் 22-க்குச் சரியும். இரண்டுமே கேடு. இன்று எம்டி3608 போன்ற மின்னழுத்தம் உயர்த்தும் சிறு பலகைகளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அவை 28 வோல்ட் வரை தரும். அளவைத் திருத்தும் திருகை இணைப்புக்கு முன்பே சரிசெய்து, சுமையோடும் சுமையின்றியும் சரிபார்த்த பிறகே சாக்கெட்டோடு சேர்க்க வேண்டும்.

நிலையான அளவுகள் சரியாக இருந்தும் சிப்புகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன என்றால், குற்றம் மல்டிமீட்டருக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. நீண்ட ஜம்பர் வயர்களில் தூண்டல் உண்டு. டிரான்சிஸ்டர் சட்டென்று திறக்கும்போது விபிபி 25-ல் நிற்காமல் ஒரு கணம் மேலே துள்ளும். 26 வோல்ட் எல்லை அந்தக் கணத்துக்கும் பொருந்தும். விபிபி காலுக்கும் தரைக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைச் சாக்கெட்டின் அருகிலேயே வைக்கும்படி தரவுத்தாள்கள் வலியுறுத்துவது இதற்காகத்தான். பிரெட்போர்டின் மறுமுனையில் வைத்த மின்தேக்கி இந்த வேலையைச் செய்யாது. ஆசிலாஸ்கோப் இருந்தால் விபிபி உயரும் ஓரத்தை ஒருமுறையாவது பார்த்துவிடுவது நல்லது.

மின்தேக்கியை வைத்த பிறகு அடுத்த சிக்கல் தலைகாட்டும்: விபிபி உடனே இறங்காது. இது எவ்வளவு பாதிக்கும் என்பது சிப்பைப் பொறுத்தது. 2716-ல் விபிபி 25-ல் இருக்கும்போதே படித்துச் சரிபார்க்கலாம். எழுதும் துடிப்பு தனியாக 18-ஆம் காலில் வருகிறது. ஆகவே விபிபி டிரான்சிஸ்டர் மெதுவாக இருந்தாலும் பாதகமில்லை. 2732-ல் விபிபியும் வெளியீட்டைத் திறக்கும் கட்டளையும் 20-ஆம் காலைப் பகிர்ந்துகொள்கின்றன. படிக்க வேண்டுமானால் அந்தக் கால் 0-வுக்கு இறங்க வேண்டும். 2716-க்குக் கட்டிய சுற்றில் விபிபி அணையும்போது ஒரு டயோடு வழியாக 5 வோல்ட்டில் தங்கும். படிக்கும்போதும் விபிபி, விசிசி எனப்படும் 5 வோல்ட் மின்வழங்கலை ஒட்டியே இருக்கவேண்டிய அந்தச் சிப்புக்கு அது பொருத்தம். அதே சுற்றை 2732-ன் 20-ஆம் காலோடு இணைத்தால் வெளியீடு திறக்கவே திறக்காது; எழுதியது ஒழுங்காக ஏறியிருந்தும் சரிபார்ப்பு முழுவதும் தோற்கும். 2732-க்குத் தரைக்கு இழுக்கும் மூன்றாவது டிரான்சிஸ்டர் ஒன்று வேண்டும். பிஎன்பி அணைந்தபின்தான் அது திறக்க வேண்டும். 18-ஆம் காலும் மாறுகிறது: 2716-ல் துடிப்பு மேல்நோக்கியது, 2732-ல் கீழ்நோக்கியது.

மின்வழங்கல் வரிசையை மறந்துவிடக் கூடாது. விசிசி முதலில், விபிபி பிறகு. விலக்கும்போது விபிபி முதலில். சிப்பைச் சாக்கெட்டில் வைக்கும்போதும் எடுக்கும்போதும் விபிபி உயிரோடு இருக்கவே கூடாது.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மைக்ரோகன்ட்ரோலர் கையில் இருப்பவருக்கு. 555 கொண்டு 50 மில்லிவிநாடித் துடிப்பைச் செய்யும் பழைய சுற்றுகளைப் புதுப்பிப்பவர், அதிலுள்ள எலெக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியை எடுத்துவிட்டு 1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் மின்தேக்கியும் 47 கிலோ ஓமும் வைத்தால் 52 மில்லிவிநாடியை ஒட்டிக் கிடைக்கும். 45-க்கும் 55-க்கும் இடையே என்பதே தேவை. முகவரிக்கு 4040 எண்ணியைப் பயன்படுத்தும் கையால் இயக்கும் சுற்றுகளில் பொத்தானின் அதிர்வு ஆபத்தானது. ஒருமுறை அழுத்தினால் எண்ணி மூன்று தாவும். தரவு அந்த இடத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து விழும்.

இனி சிப்பை வைக்கலாம். எழுத அல்ல, படிக்க. உள்ளடக்கம் தெரிந்த ஒரு சிப்பை, உயர் மின்னழுத்தத்தைத் துண்டித்துவிட்டு, முதலில் படித்துப் பார்க்க வேண்டும். எழுதும் வேலையை விட இந்தப் படியையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். புரோகிராமரில் இரண்டு முகவரிக் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன என்று கொள்வோம். எழுதும்போது அதே மாற்றம், படிக்கும்போதும் அதே மாற்றம். சரிபார்ப்பு ஒரு பிழையும் இல்லையென்று சொல்லும். தரவுக் கம்பிகள் மாறியிருந்தாலும் அப்படியே. தன் வழக்கில் தானே சாட்சி சொல்லும் கருவி அது. சிப்பை எந்திரத்தில் வைத்தபின்தான் எதுவும் ஓடாது என்று தெரியும். அப்போதும் பழி சிப்பின் மேலேயே விழும். வேறோர் இடத்தில் எழுதிய சிப்பைச் சரியாகப் படித்துக் காட்டும் வரை, புரோகிராமரின் சரிபார்ப்புச் சொல்லை நம்ப முடியாது.

எழுதிய பிறகு தவறாக வந்த பைட்டுகளைக் குப்பை என்று தள்ளிவிடுவது பெரிய இழப்பு. அவற்றில் பழுதின் முகவரி எழுதியிருக்கும். எல்லாம் எஃப்எஃப் என்றால் விபிபியோ துடிப்போ போய்ச் சேரவில்லை. ஒரே ஒரு பிட் எல்லா இடத்திலும் 1 ஆகவே நின்றால் அந்தத் தரவுக் கம்பியை முதலில் பாருங்கள். சில இடங்கள் மட்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடங்கள் தவறினால், சுமையில் சரியும் மின்னழுத்தமோ தளர்ந்த சாக்கெட்டோ காரணம்.

முகவரிக் கம்பி அறுந்ததைக் கண்டுபிடிப்பதுதான் மிக நுட்பமானது. ஈப்ராமில் எழுதுவதால் 1-ஐ 0 ஆக்க மட்டுமே முடியும். 0-வை 1 ஆக்கப் புற ஊதா வேண்டும். ஒரு முகவரிக் கம்பி ஒரே நிலையில் சிக்கினால் இரண்டு முகவரிகளின் தரவு ஒரே அறையில் விழும். இரண்டில் எதிலாவது 0 இருந்தால் அங்கே 0 நிற்கும். அதாவது இரண்டு பைட்டுகளின் தர்க்கப் பெருக்கம். ஒவ்வோர் இடத்திலும் அந்த முகவரியின் எண்ணையே எழுதிப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்: மிகத் தாழ்ந்த கம்பி சிக்கியிருந்தால் 2-ம் 3-ம் இரண்டும் 2 என்றே படிக்கும். ஆனால் பைட்டில் எட்டு பிட்தான் அடங்கும், 2716-க்கு முகவரிக் கம்பிகள் பதினொன்று. தாழ்ந்த எட்டு பிட்டுகளை மட்டும் எழுதினால், மேல் மூன்று கம்பிகளில் எது சிக்கினாலும் இரு இடத்திலும் ஒரே எண்ணே விழும். சோதனை வெற்றி என்று சொல்லும். அழித்துவிட்டு, முகவரியின் மேல் பகுதியை எழுதி இரண்டாம் முறையும் பார்த்தாக வேண்டும்.

எல்லாம் தேறிய சிப் சில நாளில் பிட் இழப்பதும் உண்டு. விபிபி சற்றுக் குறைவாக இருந்திருந்தால் மிதக்கும் கேட்டில் ஏறிய மின்னேற்றம் விளிம்பில்தான் இருக்கும். 5 வோல்ட்டில் 0 என்று படித்தது 5.3-ல் 1 ஆகிவிடும். இன்டெல் பின்னாளில் கொண்டுவந்த விரைவு எழுத்து முறைகளில் விசிசியை 6 வோல்ட்டுக்கு உயர்த்தியே எழுதிச் சரிபார்த்தார்கள். உயர்ந்த விசிசியிலும் 0 என்று நிற்கும் அறை, உண்மையிலேயே நிரம்பிய அறை. 27256 போன்ற சிப்புகளில் 1 மில்லிவிநாடித் துடிப்புகளைக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்து, பிடித்துக்கொண்டதும், அதுவரை கொடுத்ததைப் போல் மும்மடங்கு நீளத்துக்கு இன்னொரு துடிப்பைக் கூடுதலாகத் தருவார்கள். வீட்டுப் புரோகிராமரில் இந்த ஏற்பாடெல்லாம் இல்லாவிட்டாலும், எழுதியதை 4.5 வோல்ட்டிலும் 5.5 வோல்ட்டிலும் ஒருமுறை படித்துவிடலாம். 5.5-ல் பிட் மாறினால் எழுத்து அரைகுறை, 4.5-ல் வெற்றிடத்தில் 0 தோன்றினால் அழிப்பு அரைகுறை.

அழிப்பு அரைகுறையாவதற்குக் காரணம் விளக்காகத்தான் இருக்கும். 253.7 நானோமீட்டர் அலைநீளம் தேவை. கிருமி நீக்கும் விளக்குகள் தருவது அதுவே. 2.5 சென்டிமீட்டர் தொலைவில் பதினைந்து முதல் இருபது நிமிடம். கள்ளநோட்டைக் காட்டும் விளக்கோ நகப்பூச்சை உலர்த்தும் விளக்கோ நீலமாக ஒளிர்ந்தாலும் பயனில்லை. அவற்றின் அலைநீளம் நீண்டது. சாளரத்தில் ஸ்டிக்கர் பசை ஒட்டியிருந்தால் சரியான விளக்கும் தோற்கும். இந்த ஒளி கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கானது என்பதால், மூடிய பெட்டிக்குள் வைத்தே அழிக்க வேண்டும்.

போலிச் சிப்புகளைப் பற்றி ஒரு சொல். பழைய சிப்பின் எழுத்தைத் தேய்த்து வேறு எண்ணை அச்சிட்டு விற்பது உண்டு. 27சி256 போன்ற பிற்காலச் சிப்புகளில் ஏ9 என்ற முகவரிக் காலுக்கு 12 வோல்ட் கொடுத்துப் படித்தால் தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும் வரும். இன்டெலுக்கு 89, எஸ்டி நிறுவனத்துக்கு 20, ஏஎம்டிக்கு 01, எல்லாம் பதினாறடிமானத்தில். இதற்கும் அதே பிஎன்பி–என்பிஎன் ஜோடி ஒன்று போதும். 2716-ல் இந்த வசதி கிடையாது. அதன் ஏ9-க்கு 12 வோல்ட் காட்டக் கூடாது.

இத்தனை பாடும் வேண்டாம் என்பவருக்கு ஒரு வழி இருக்கிறது. மின்சாரத்தாலேயே அழித்து எழுதும் 28சி16 வெறும் 5 வோல்ட்டில் எழுதப்படும்; உயர் மின்னழுத்த டிரான்சிஸ்டரே வேண்டாம். அதன் 24 கால்களும் 2716-ஐ ஒத்தவை, 21-ஆம் கால் தவிர. 2716-ல் விபிபியாக இருந்த அந்தக் கால் இதில் எழுதும் கட்டளை, தாழ்ந்தால்தான் எழுதும். 2716-க்கென்று செய்த பலகைகளில் அந்தக் கால் 5 வோல்ட்டோடு கட்டப்பட்டிருக்கும் என்பதால் கட்டளை எப்போதும் அடங்கியே கிடக்கும். பலகையில் ஒரு கம்பியைக்கூட மாற்றாமல் சிப்பைப் பொருத்திவிடலாம். எந்திரம் ஓடினால் போதும் என்றால் இதையே செய்யச் சொல்வேன். 2732 இருக்கும் பலகைக்கு இந்தச் சலுகை கிடையாது: அதன் 21-ஆம் கால் முகவரிக் கம்பி. அங்கே 25 வோல்ட்டையும் அந்த மூன்று டிரான்சிஸ்டர்களையும் சரிசெய்துதான் ஆகவேண்டும்.